வட்டியில்லா மூலதனம்: மலேசியா சென்ற வழியும் நாம் நிற்கும் இடமும்

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் சிறிய பட்டறை நடத்துபவருக்குக் களிமண், எரிபொருள், கூலி என எல்லாமே முன்கூட்டிச் செய்ய வேண்டிய செலவு. சரக்கு சூளையிலிருந்து இறங்கி, விற்று, பணம் கைக்கு வரும்வரை அவருக்கு மூலதனம் வேண்டும். வட்டியை விட்டு விலகி நிற்க விரும்பும் ஒரு முஸ்லிம் அங்கே தொழில் தொடங்கினால், எந்த வங்கியின் கதவைத் தட்டுவார்?

இதே கேள்விக்கு மலேசியா படிப்படியாக விடை கண்டது. ஹஜ்ஜுக்காக நிலத்தையும் கால்நடைகளையும் விற்றுவிட்டு, திரும்பி வந்து வறுமையில் வாடிய கிராம மக்களைப் பார்த்த பொருளியல் அறிஞர் உங்கு அஜீஸ், 1959இல் ஒரு சேமிப்புத் திட்டத்தை முன்வைத்தார். அதன் பயனாக 1963இல் ஹஜ் சேமிப்பு நிறுவனம் செயல்படத் தொடங்கியது. இன்று அதன் பெயர் தாபுங் ஹாஜி. இருபது ஆண்டுகள் கழித்து, 1983இல் இஸ்லாமிய வங்கிச் சட்டமும் பேங்க் இஸ்லாமும் வந்தன. 1984இல் தகாஃபுல் எனும் காப்பீட்டுக்கும் சட்டம் வந்தது. இன்று அந்நாட்டில் முஸ்லிமல்லாதவர்களும் இஸ்லாமிய வங்கிகளின் வாடிக்கையாளர்கள்.

இந்தியாவிலும் இந்தப் பேச்சு எழாமல் இல்லை. ரகுராம் ராஜன் தலைமையிலான குழு 2008இல் வட்டியில்லா வங்கிச் சேவையைப் பரிந்துரைத்தது. கேரள அரசின் பங்களிப்போடு இஸ்லாமிய நிதி நிறுவனம் தொடங்குவதை எதிர்த்த வழக்கை அம்மாநில உயர் நீதிமன்றம் 2011இல் தள்ளுபடி செய்தது. 2015இல் ரிசர்வ் வங்கியின் தீபக் மொஹந்தி குழு, வழக்கமான வங்கிகளுக்குள்ளேயே வட்டியில்லாப் பிரிவு திறக்கலாம் என்றது. ஆனால் இத்திட்டத்தைத் தொடரப் போவதில்லை என்று 2017இல் தகவல் உரிமைச் சட்டக் கேள்விக்கு ரிசர்வ் வங்கி பதிலளித்துவிட்டது.

முட்டுக்கட்டை எங்கே? இஸ்லாமிய வங்கி களிமண்ணைத் தானே வாங்கி, லாபத்தை வெளிப்படையாகச் சொல்லி, தவணையில் விற்கும். இது முராபஹா. சூளையை வாங்கி வாடகைக்கு விட்டால் இஜாரா. தொழிலில் பங்காளியாகி லாப நஷ்டத்தைப் பகிர்ந்தால் முஷாரகா. நம் 1949ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 8ஆவது பிரிவோ, வங்கி பொருள்களை வாங்கி விற்பதையே தடை செய்கிறது. சட்டத் திருத்தமின்றி முராபஹாவுக்கு வழியில்லை.

சட்டம் விட்ட இடத்தில் மோசடி புகுந்தது. 'ஹலால் முதலீடு' என்று நம்பி பெங்களூரின் ஐ.எம்.ஏ. நிறுவனத்தில் பணம் போட்ட பல்லாயிரம் குடும்பங்கள் 2019இல் நடுத்தெருவுக்கு வந்தன. மாதாமாதம் உறுதியான 'லாபம்' தருவதாகச் சொன்னாலே நாம் விழித்திருக்க வேண்டும். நஷ்டத்தில் பங்கு இல்லாத லாபம், பெயர் மாறிய வட்டிதான்.

அல்லாஹ் வியாபாரத்தை அனுமதித்து வட்டியைத் தடுத்திருக்கிறான் (2:275). தடுக்கப்பட்டதை விலக்குவதில் காட்டும் அக்கறையை, அனுமதிக்கப்பட்டதைக் கட்டியெழுப்புவதிலும் நாம் காட்ட வேண்டும். மலேசியா வங்கியில் தொடங்கவில்லை. ஏழைகளின் சிறுசேமிப்பில் தொடங்கியது. அரசின் ஆதரவு அவர்களுக்கு இருந்தது, நமக்கு இல்லை என்பது உண்மையே. ஆனாலும் முறையாகப் பதிவு செய்து, ஆண்டுதோறும் தணிக்கைக் கணக்கை ஜமாஅத்தின் முன் வைக்கும் பைத்துல்மாலும் வட்டியில்லாக் கடன் சங்கமும் நம் கைக்கு எட்டியவை. சட்டத் திருத்தக் கோரிக்கையை ஓட்டுக் கேட்டு வருவோரிடம் வைப்பதும் அப்படியே. விருத்தாசலத்தின் ஒரு பட்டறைக்காரர் இந்த வழியில் கடன் பெற்று, அதைத் திருப்பியும் செலுத்தினால், அதுவே நம் முதல் படி, இன்ஷா அல்லாஹ்.