214 கோடி சொச்சம்

2147483647. எங்கள் ஆபீஸில் சாஃப்ட்வேர் பார்க்கிறவர்களுக்கு இது ஒரு தலைவலி பிடித்த எண். 32 பிட்டில், பிளஸ் மைனஸ் குறியோடு வைக்கிற முழு எண்ணுக்கு உச்சவரம்பு இதுதான். காசுக் கணக்கில் வைத்தால் ரூ.2,14,74,836.47. ஒரு சுமாரான மொத்த வியாபாரியின் கரண்ட் அக்கவுண்டுக்கே பத்தாது :-) 1970 ஜனவரி 1லிருந்து நேரத்தை இப்படி விநாடிகளாக எண்ணிவரும் பழைய சிஸ்டங்களுக்கு 2038 ஜனவரி 19, நம்ம நேரம் காலை 8.44க்குக் கதை முடிகிறது. இன்றைக்குக் கொடுக்கிற 20 வருஷ வீட்டுக்கடன் அதையும் தாண்டித்தான் முடியும்.

சரி, இதெல்லாம் பலருக்கும் தெரிந்ததுதான். நான் சொல்ல வந்தது வேறு. 2ஐ 31 தடவை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருகிற இந்த எண், ஒரு பகா எண். அதை நிரூபித்தவர் ஆய்லர். 1772ல், கண்பார்வை அநேகமாகப் போய்விட்ட பிறகு.

இதன் வர்க்கமூலம் சுமார் 46,340. அதுவரை இருக்கும் பகா எண்களே நாலாயிரத்துக்கு மேல். ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தால் விடிந்துவிடும். ஆய்லர் முதலில் யோசித்தார். இதை வகுக்கிற பகா எண் ஒன்று இருந்தால், அதை 248ஆல் வகுக்க மீதி 1 அல்லது 63தான் வரும் என்று கண்டார். அந்த ஜாடையில் 46,340க்குள் இருப்பவை 370 சொச்சம். அதிலும் 3, 5, 7 என்று சின்ன எண்களில் போகிறதைத் தள்ளிவிடலாம். மிச்சம் எதுவும் வகுக்கவில்லை. முடிந்தது வேலை.

பி.காம். படித்தவர்களுக்கு இது புதுசில்லை. டிரையல் பேலன்ஸ் இடித்தால், வித்தியாசம் 9ஆல் வகுபடுகிறதா என்று முதலில் பார்ப்போமே! 7,350ஐ 7,530 என்று போட்டிருந்தால் வித்தியாசம் 180. வகுபட்டால், இலக்கம் இடம் மாறின என்ட்ரியைத் தேடு. லெட்ஜர் முழுக்கப் புரட்ட வேண்டாம். ஆய்லர் செய்ததும் அதே ஜாதி வேலை. காமர்ஸ் பிள்ளைகளுக்குக் கூட்டுவட்டி ஃபார்முலாவை உருப்போட வைக்கிறோம், இதைச் சொல்லித் தருவதில்லை. எனக்கு அதில்தான் கோபம்.

"கம்ப்யூட்டர் ஒரு நொடியில் சொல்லிடும், இதெல்லாம் எதுக்கு சார்?" என்று இந்தியில் கேட்டார் இங்கே நாக்பூரில் பக்கத்து சீட் இளைஞர். இந்த 214 கோடிக்கு அது சரி. 1811ல் பார்லோ என்ற ஆங்கிலேயரும் கிட்டத்தட்ட இப்படித்தான் பேசினார். இந்த எண்ணிலிருந்து கிடைக்கிற 19 இலக்க நிறைவெண்ணுக்கு மேல் யாரும் தேடப் போவதில்லை, பயனில்லாத வேலை என்றார். 1876ல் லூகாஸ் 39 இலக்கப் பகா எண்ணையே காட்டிவிட்டார், ஒரு வகுஎண்ணைக்கூடத் தேடாமல். லேமர் பிற்பாடு செப்பனிட்ட அவருடைய சோதனையை வைத்துத்தான் 2024 அக்டோபரில் 4.10 கோடி இலக்கம் கொண்ட பகா எண்ணையும் உறுதி செய்தார்கள். வகுத்தே பார்த்துவிடலாம் என்று விட்டிருந்தால், உலகத்துக் கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்தாலும் அதை முடித்திருக்காது.