தரகருக்கு ஏன் இந்தத் தண்டம்?

பம்பலப்பிட்டியில் வீடு விற்கும் தமிழர் தரகருக்கு நூற்றுக்கு மூன்று வீதம் அளந்து கொடுக்கின்றனர். 5 கோடி ரூபா வீடாயின் 15 இலட்சம்! எதற்காக? 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் காணி விற்பனைக்குக் கேட்பது நொத்தாரிசையும் இரு சாட்சிகளையுமே, தரகரையன்று. காணிப் பதிவகத்தில் வில்லங்கம் தேடுபவரும், உறுதி முடிப்பவரும் நொத்தாரிசே. கதவைத் திறந்து காட்டியவருக்கா 15 இலட்சம்?

இவ்வீடுகளுட் பல எழுதுவினைஞரின் சேமிப்பிலும், யாழ்ப்பாணத்துப் புகையிலையும் வெங்காயமும் விற்ற பணத்திலும் எழுந்தவை. 1983 ஆடிக்குப் பின் அஞ்சி, வந்த விலைக்கு விற்றோர் உளர். அவர்களைக் குறை கூறோம். இன்று நம்மைத் தரகரிடம் துரத்துவது அச்சமா? சோம்பலன்றோ! கதிரேசன் கோயில் வாசலில் ஒரு சொல் சொன்னால் மாலைக்குள் வெள்ளவத்தை அறியும். ஞாயிறு வீரகேசரியில் நான்கு வரி விளம்பரம் எவ்வளவாகிவிடும்?

இலண்டனிலும் தொறன்ரோவிலும் இருப்போர் வர இயலாதென்பர். நம்பிக்கையான உறவினருக்கு, அவ்வொரு விற்பனைக்கு மட்டுமாக, அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுக்கலாமே! விலையை அயலாரிடமும் விசாரியுங்கள். விற்பவரிடமும் வாங்குபவரிடமும் கை நீட்டும் தரகர் யாருடைய விலையைச் சொல்வார்?