தே-ஓவும் தட்டணுவும்

ரிங்லெட் பக்கத்து எஸ்டேட்டில் முப்பது வருடம் கொழுந்து கிள்ளிய அம்மா ஒருவர் போன மாதம் பரிசோதனைக்கு வந்தார். சினைப்பைப் புற்றுநோய், மூன்றாம் கட்டம். அறுவையும் கீமோவும் முடிந்து ஒலாபாரிப் மாத்திரையில் இருக்கிறார். கோலாலம்பூரிலிருந்து மகள் அனுப்பிய குவெர்செட்டின் டப்பாவை மேசைமேல் வைத்தார். "கெழட்டு அணுவக் கொல்லுமாம் டாக்டர். தேயிலையிலயும் இது இருக்காமே? நான்தான் நாளுக்கு நாலு தே-ஓ குடிக்கிறேனே, அது பத்தாதா?"

சிரித்து அனுப்பிவிடக்கூடிய கேள்வியல்ல. தேயிலையில் குவெர்செட்டின் இருக்கத்தான் செய்கிறது. டசாட்டினிபோடு அதைச் சேர்த்தால் மூப்படைந்த அணுக்களைக் களையலாம் என்று மேயோ கிளினிக் குழுவினர் 2015இல் காட்டினார்கள். ஆனால் நுரையீரல் தழும்பு நோயாளிகளுக்கு இந்த ஜோடியைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் குவெர்செட்டினின் அளவு நாளுக்கு 1250 மில்லிகிராம், அதுவும் வாரத்தில் மூன்று நாள்தான். ஒரு கிளாஸ் தேநீரில் சில மில்லிகிராம் தேறினால் அதிகம். தேநீரையே மருந்தாக்கிப் பார்த்தவர்களும் உண்டு. கியூபெக்கில், முற்றிய சினைப்பைப் புற்றுநோய் சிகிச்சையில் முழுதாக அடங்கிய 16 பெண்கள் தினமும் அரை லிட்டர் பச்சைத் தேநீர் குடித்தார்கள். சாதாரணத் தேநீர் அல்ல, இருமுறை ஊறவைத்து இறக்கியது. 18 மாதம் கழித்து நோய் திரும்பாமல் இருந்தவர்கள் ஐவர். முதல் கட்டத்தோடு ஆய்வை நிறுத்திவிட்டார்கள். முடிவு 2013இல் வெளியானது.

டப்பாவை நிறுத்தச் சொன்னேன். ஒலாபாரிப் சிதைவது சிஒய்பி3ஏ4 நொதியால். அந்தப் பாதையில் அளவு தெரியாத ஒன்றை நுழைப்பானேன்? தே-ஓவை நிறுத்தச் சொல்லவில்லை.

ஆனால் அந்த அம்மாவின் கேள்விக்கு அடியில் இருக்கும் யோசனையை நான் மதிக்கிறேன். தேயிலைத் தளிரின் நுனி மொட்டு சில சமயம் விரியாமல் உறங்கிப்போகும். பறிப்பவர்கள் அதையும் கிள்ளிப் போடுவார்கள். தூங்குவதுதானே என்று விட்டுவைத்தால் நாள் கழித்து அதே மொட்டு விழித்துக்கொள்ளும். ஒலாபாரிப் பட்ட சினைப்பைப் புற்றணுக்களும் ஏறக்குறைய அப்படித்தான் நடந்துகொள்கின்றன. மொன்றியல் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்டதைப் பாருங்கள்: மருந்து இருக்கும்வரை அணு மூப்பு நிலையில் கிடக்கிறது, எடுத்துவிட்டால் மறுபடி பிரியத் தொடங்குகிறது. அந்த நிலையில் அது உயிர் தரித்திருக்க பிசிஎல்-எக்ஸ்எல் புரதத்தை நம்பியிருக்கிறது. அதை அடைத்தால் அணு மடிகிறது. மூப்பு என்றால் திரும்பாத நிலை என்று படித்து வந்த நமக்கு இது உறுத்தலான செய்தி. கிடக்கும் அணு சும்மாவும் கிடப்பதில்லை. ஐஎல்-6, ஐஎல்-8 என்று சுரந்து அக்கம்பக்கத்தை அழற்சியில் வைத்திருக்கிறது.

சிக்கல் தட்டணுவில். அதன் ஆயுளைத் தீர்மானிப்பதும் இதே பிசிஎல்-எக்ஸ்எல்தான். அதை அடைக்கும் நாவிட்டோகிளாக்ஸ் மருந்தைக் கொடுத்த சில நாளிலேயே தட்டணு எண்ணிக்கை சரிவது அதனால்தான். பிளாட்டினத்துக்குக் கட்டுப்படாத நோயில் அதை ஒற்றை மருந்தாகக் கொடுத்த பிரெஞ்சு ஆய்வில் பலன் சொற்பம், தட்டணுச் சரிவு தாராளம். தனியாகக் கொடுத்துப் பயன் இல்லை என்பதில் எனக்கு வியப்பில்லை. முதலில் ஒரு மருந்து அணுக்களை அந்த நிலைக்குத் தள்ளியிருக்க வேண்டும். ஆனால் அப்படித் தள்ளும் கார்போபிளாட்டினும் நிராபாரிபும் தட்டணுவைக் குறைப்பவையே. 77 கிலோவுக்குக் குறைந்த எடை, அல்லது 1,50,000க்குக் குறைந்த தட்டணு என்றால் நிராபாரிப் 200 மில்லிகிராமில் தொடங்குகிறோம். நம் பெண்களில் 77 கிலோவைத் தாண்டுபவர் எத்தனை பேர்? அதன்மேல் இன்னொரு தட்டணுக்கொல்லியை வைப்பதென்றால், எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் நிறுத்துவது என்பதுதான் முழுச் சிகிச்சையும்.

இதற்கு வாரம் ஒருமுறையாவது ரத்தம் பார்க்க வேண்டும். தானா ராத்தாவில் எண்ணிக்கை பார்க்கலாம். எண்ணிக்கை விழுந்தால் சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவுக்கு இறங்க வேண்டும். மாநிலம் பகாங், ஆனால் குவாந்தானைவிடப் பேராக்தான் கிட்டே. மழையில் மண் சரிந்தால் அதுவும் இல்லை. ஆய்வுத் திட்டம் எழுதும் நண்பர்கள், மையத்திலிருந்து இத்தனை கிலோமீட்டருக்குள் வசிப்பவர் மட்டும் என்ற வரியைப் பழக்கதோஷத்தில் சேர்த்துவிடுகிறார்கள். அதை எடுத்துவிட்டு, மாவட்ட மருத்துவமனையில் எடுத்த எண்ணிக்கையை ஏற்போம் என்றும், வண்டிச்செலவை ஆய்வே தரும் என்றும் எழுதலாம். ரிங்லெட் அம்மாவுக்கு அடுத்த பரிசோதனை பன்னிரண்டாம் தேதி. காலை நான்கு மணிக்குப் புறப்பட்டு வருவார்.