இலவச ‘ஸ்கின்’ ஆசை: முடங்குவது விளையாட்டுக் கணக்கு மட்டும்தானா?

பகாவ் வட்டாரத் தோட்டங்களிலும் சரி, போர்ட்டிக்சன் பக்கம் சுவா பெத்தோங்கிலும் சரி, சிரம்பான், செனாவாங் தாமான்களிலும் சரி, மாலையானால் பல பிள்ளைகளின் கையில் இருப்பது ‘மொபைல் லெஜண்ட்ஸ்’. ஐவர் கொண்ட இரண்டு அணிகள் மோதும் இந்தக் கைப்பேசி விளையாட்டைப் பற்றிப் பெற்றோர் வழக்கமாகச் சொல்லும் குறை, நேரம் வீணாகிறது, கண் கெட்டுப்போகிறது என்பதுதான். அவர்கள் அதிகம் கேள்விப்படாத விவகாரம் இன்னொன்று உண்டு. ‘எல்லா ஸ்கினும் இலவசம்’ என்று யூடியூபிலும் டெலிகிராமிலும் பரவும் ‘இன்ஜெக்டர்’ செயலிகள்தான் அது. அவற்றைப் பதிவிறக்கும் பையன் மாட்டிக்கொண்டால் விளையாட்டு நிறுவனம் அவன் கணக்கை முடக்கும். ஆனால் குடும்பத்திற்கு வரக்கூடிய இழப்பு அதைவிடப் பெரியது.

‘ஸ்கின்’ என்பது விளையாட்டுப் பாத்திரத்தின் உடை. இந்த விளையாட்டில் ‘கட்டோட்காச்சா’ என்றொரு வீரன் இருக்கிறான். இந்தோனேசியாவின் வாயாங் கூத்து வழியாக வந்து சேர்ந்த நம் கடோத்கஜன்தான் அவன். விளையாட்டைப் பதிவிறக்கக் காசு வேண்டாம். வீரனும், ஆடி ஆடிச் சேர்க்கும் புள்ளிகளுக்கே கிடைத்துவிடுவான். ஆனால் அவனுக்குப் பளபளக்கும் கவசமும், அடிக்கும்போது தீப்பொறி பறக்கும் காட்சியும் வேண்டுமென்றால் ‘டைமண்ட்’ வாங்க வேண்டும். டைமண்டுக்கு ரிங்கிட் வேண்டும்.

நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 ரிங்கிட். வாரத்தில் ஆறு நாள் வேலை செய்பவருக்கு அது நாளொன்றுக்கு 65 ரிங்கிட் 38 சென். ஓரளவு நல்ல ஸ்கின் ஒன்றின் விலையே இந்த ஒரு நாள் கூலியை நெருங்கும். குலுக்கல் முறையில் மட்டும் கிடைக்கும் அபூர்வ ஸ்கின்கள் பல நாள் கூலியை விழுங்கக்கூடியவை. செம்பனைக் குலை வெட்டிவிட்டு வந்து உட்காரும் அப்பாவிடம், படத்தில் இருக்கும் ஒரு சட்டைக்காக இந்தத் தொகையைக் கேட்க எந்தப் பிள்ளைக்கும் வாய் வராது. அணியில் மற்ற நால்வரும் மின்னும்போது தான் மட்டும் வெறும் உடையில் நிற்பதும் லேசான காரியமில்லை. ‘ஃபோர்ட்நைட்’ ஆடும் மேலைநாட்டுப் பிள்ளைகளிடையே ‘டிஃபால்ட்’, அதாவது காசு போடாத ஆரம்ப உடைக்காரன் என்பதே கேலிச் சொல்லாகிப் போனது. தீபாவளிக்குப் புதுச்சட்டை இல்லாமல் பள்ளித் தோழர்கள் முன் நின்றவர்களுக்கு இந்த வலி புரியும்.

இன்ஜெக்டர் அந்த இடத்தில்தான் நுழைகிறது. அது வேலை செய்யும் விதம் தெரிந்தால் பாதி மாயம் கலைந்துவிடும். யார் எங்கே நிற்கிறார், யாருக்கு எவ்வளவு உயிர் மிச்சம், எந்த அடி பட்டது என்பதையெல்லாம் நிறுவனத்தின் சேவைக் கணினி கணக்கிடுகிறது. அதைக் கைப்பேசியிலிருந்து மாற்றுவது கடினம். ஆனால் வீரனின் உருவம், உடை, ஒலி ஆகியவற்றுக்கான கோப்புகள் கைப்பேசிக்குள்ளேயே இருக்கின்றன. சாதாரண உடையின் கோப்பு இருக்கும் இடத்தில் விலையுயர்ந்த உடையின் கோப்பை வைத்துவிடுவதுதான் இன்ஜெக்டரின் வேலை. அதன் பிறகு கடோத்கஜன் தங்கக் கவசத்தில் ஜொலிப்பான். ஆனால் ஆடுபவரின் திரையில் மட்டும்தான். எதிரணிக்கும் சொந்த அணிக்கும் அவன் அதே பழைய உடையில்தான் தெரிவான். ஊரார் பார்க்காத பட்டு வேட்டி அது.

யாருக்கும் தெரியாத அலங்காரத்திற்கு ஏன் தடை என்று பிள்ளைகள் கேட்பது நியாயமான கேள்வி. அதற்கு இரண்டு பதில்கள் உண்டு. இரண்டும் ஒரே தரத்தில் இல்லை.

முதல் பதில், நேர்மையான ஆட்டம் பற்றியது. தோற்றத்தை மாற்றுவது எங்கே முடிகிறது, ஏமாற்றுவது எங்கே தொடங்குகிறது என்ற கோடு மெல்லியது. புல்லின் படக் கோப்பை நீக்கிவிட்டால் புதருக்குள் படுத்திருக்கும் எதிரி பளிச்சென்று தெரிவான். ‘பப்ஜி’ போன்ற துப்பாக்கி விளையாட்டுகளில் இது பழைய தந்திரம். கேமரா இன்னும் உயரத்திலிருந்து பார்ப்பதுபோல் மாற்றும் ‘ட்ரோன் வியூ’, மறைந்திருப்பவரை வரைபடத்தில் காட்டும் ‘மேப் ஹேக்’ ஆகியவை ஸ்கின் தரும் அதே செயலிகளில் அடுத்தடுத்த பொத்தான்களாக இருப்பது வழக்கம். கோப்பு மாறியிருக்கிறதா என்று சோதிக்கும் மென்பொருளுக்கு, மாற்றியவர் அழகுக்காக மாற்றினாரா, வெல்வதற்காக மாற்றினாரா என்று தெரியாது. ஆகவே எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுத் தடை செய்கிறார்கள். பரிசுப் பணம் புழங்கும் இடத்தில் இது அவசியம்தான். இந்த விளையாட்டின் உலக வெற்றியாளர் போட்டியைக் கோலாலம்பூர் 2019-லும் 2024-லும் ஏற்று நடத்தியது. 2024 ஜூலையில் ரியாத்தில் நடந்த அனைத்துலகப் போட்டியில் நம் நாட்டின் சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் அணி வாகை சூடியது. அந்த அளவுக்கு வளர்ந்த ஆட்டத்தில் விதி தளர்வாக இருக்க முடியாது.

இரண்டாவது பதில் வியாபாரம். நிறுவனம் விற்பதே உடையைத்தான். உடை இலவசமாகக் கிடைத்தால் கடையை மூட வேண்டியதுதான். இதிலும் தவறில்லை. வரைந்தவருக்கும் நிரலெழுதியவருக்கும் சம்பளம் அதிலிருந்துதான் போகிறது. ஆனால் நிறுவனங்கள் இந்த இரண்டாவது காரணத்தைத் தாழ்ந்த குரலிலும் முதல் காரணத்தை உரத்த குரலிலும் சொல்வதைக் கவனிக்க வேண்டும். தன் திரையில் மட்டும் உடை மாற்றியவனும், எதிரியை மறைவிலிருந்து பார்த்து அடித்தவனும் ஒரே குற்றவாளிகள் என்பது வியாபாரத்தின் கணக்கு. விளையாட்டின் கணக்கு அப்படி இல்லை.

இந்த வகை விளையாட்டே பிறர் விளையாட்டை மாற்றியமைத்துப் பிறந்தது என்பது இதில் வேடிக்கை. ‘வார்கிராஃப்ட் 3’ என்ற விளையாட்டை ரசிகர்கள் மாற்றியதில் 2003-இல் உருவானது ‘டோட்டா’. ‘ஹாஃப் லைஃப்’ விளையாட்டை இருவர் மாற்றியதில் 1999-இல் பிறந்தது ‘கவுண்டர் ஸ்ட்ரைக்’. இருபது ஆண்டுகளுக்கு முன் நாட்டின் சைபர் கஃபேகளில் பள்ளிச் சீருடையோடு உட்கார்ந்திருந்தவர்கள் ஆடியது இந்த இரண்டையும்தான். டோட்டாவின் வழியில் வந்தது ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’. அதை உருவாக்கிய ரையட் நிறுவனம், தங்கள் விளையாட்டைக் காப்பியடித்ததாகக் கூறி, ‘மொபைல் லெஜண்ட்ஸ்’ நிறுவனமான ஷாங்ஹாயின் மூன்டோன் மீது 2017-இல் அமெரிக்காவில் வழக்குப் போட்டது. அமெரிக்கா அதற்கு உரிய இடமில்லை என்று அந்த ஆண்டிலேயே வழக்கு தள்ளுபடியானது. ஒருவர் கோப்பை ஒருவர் தொட்டுத்தான் இந்தத் தொழில் வளர்ந்திருக்கிறது. அதே மூன்டோனை 2021-இல் டிக்டாக்கின் தாய் நிறுவனமான பைட்டான்ஸ் வாங்கியது.

மாற்றம் செய்வதை வரவேற்கும் விளையாட்டுகளும் இருக்கின்றன. இந்தோனேசியாவின் மாலியோ நிறுவனம் 2017-இல் வெளியிட்ட ‘பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா’ அப்படிப்பட்டது. அதில் பேருந்தின் வண்ணத்தை ஆடுபவரே வரைந்து ஒட்டலாம். வண்டியின் முப்பரிமாண உருவத்தையே சொந்தமாகச் செய்து சேர்க்கலாம். கேரளச் சுற்றுலாப் பேருந்துகளும் தமிழ்நாட்டு அரசுப் பேருந்துகளும் அந்த விளையாட்டுக்குள் ஓடுவது இப்படித்தான். ‘மைன்கிராஃப்ட்’ மாற்றங்களை அனுமதிக்கிறது. வால்வ் நிறுவனம் ஒருபடி மேலே போய், ரசிகர்கள் வரைந்து அனுப்பும் ஸ்கின்களில் தேர்வானவற்றை விற்று, வரைந்தவருக்கும் பங்கு கொடுக்கிறது. தோட்டத்துப் பையன் ஒருவன் கைப்பேசியிலேயே உடை வரையக் கற்றுக்கொண்டால், அவன் திறமைக்கு இடம் இல்லாமல் இல்லை. இன்ஜெக்டர் பதிவிறக்குவதில் அந்தத் திறமைக்கு வேலையே கிடையாது. எவரோ எடுத்துக் கோத்த கோப்பை, எவரோ எழுதிய செயலி ஒட்டுகிறது. அவ்வளவுதான்.

அந்த ‘எவரோ’ யார் என்பதுதான் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி.

இன்ஜெக்டர்கள் கூகுளின் அதிகாரபூர்வச் செயலிக் கடைக்கு வெளியே, ‘ஏபிகே’ கோப்பாகச் சுற்றுபவை. அவற்றை நிறுவ, ‘அறியப்படாத இடத்திலிருந்து நிறுவ அனுமதி’ என்ற பூட்டைத் திறக்க வேண்டும். 2020-இல் வந்த ஆண்ட்ராய்டு 11 முதல், ஒரு செயலி இன்னொரு செயலியின் கோப்புறைக்குள் சுலபமாகக் கை வைக்க முடியாதபடி கூகுள் இறுக்கியது. அந்த இறுக்கத்தைத் தாண்ட இந்தச் செயலிகள் மேலும் மேலும் அனுமதி கேட்கின்றன. பையன் எல்லாவற்றுக்கும் ‘ஓகே’ அழுத்துகிறான். அவன் கண் ஸ்கின் மேல்.

அந்தக் கைப்பேசி யாருடையது? பல வீடுகளில் அது 2020, 2021-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் இல்லிருப்புக் கற்றலுக்காக வாங்கியது, அல்லது அம்மாவோ அப்பாவோ இரவில் பிள்ளையிடம் கொடுப்பது. அதற்குள் டச் அண்ட் கோ மின்பணப்பை இருக்கிறது. வங்கிச் செயலி இருக்கிறது. இபிஎஃப் கணக்கைத் திறக்கும் செயலியும் இருக்கலாம். குறுஞ்செய்தியைப் படிக்கும் அனுமதி பெற்ற ஒரு தீய செயலி, வங்கி அனுப்பும் ஒருமுறைக் குறியீட்டை உரிமையாளர் பார்ப்பதற்கு முன்பே எடுத்துவிடும். போலி ஏபிகே வழியாக இப்படிப் பணம் பறிபோன பிறகுதான், குறுஞ்செய்திக் குறியீட்டைக் கைவிட்டு வலுவான முறைக்கு மாறும்படி பேங்க் நெகாரா 2022 செப்டம்பரில் வங்கிகளைப் பணித்தது. வங்கிகள் மாறிவிட்டன என்பதற்காகக் கதவு முழுதாக மூடிவிட்டதாக நினைக்க வேண்டாம். திரையையே பார்க்கும், திரையில் தானே விரல் வைக்கும் ‘அணுகல்தன்மை’ அனுமதியைக் கேட்கும் செயலிகள் இருக்கின்றன. எல்லா இன்ஜெக்டரும் திருட்டுச் செயலி என்று சொல்ல முடியாது. எது திருட்டு, எது வெறும் ஸ்கின் என்று பதினான்கு வயதுப் பிள்ளையால் பிரித்தறிய முடியாது என்பதே போதும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1987 பதிப்புரிமைச் சட்டமும் 1997 கணினிக் குற்றச் சட்டமும் இருக்கின்றன. இந்தக் கருவிகளைச் செய்து பரப்புபவர், விற்பவர் அவற்றுக்குப் பயப்பட வேண்டியவர். தன் கைப்பேசியில் உடை மாற்றிய சிறுவனுக்கு உண்மையில் வரும் தண்டனை நிறுவனத்திடமிருந்து வருகிறது. கணக்கு தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ முடங்கும். நான்கைந்து ஆண்டு ஆடிய தரவரிசை, முறையாகக் காசு கொடுத்து வாங்கிய ஸ்கின்கள் எல்லாம் அதோடு போகும். வாங்கிய ஸ்கின் ஆடுபவரின் சொத்து அல்ல, பயன்படுத்தும் உரிமை மட்டுமே என்று இத்தகைய ஒப்பந்தங்களில் முன்பே எழுதிவைத்திருப்பார்கள்.

இங்கே ஒரு முரண்பாடு உண்டு. நம் நாட்டில் 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் பொதுவாக அவரைக் கட்டுப்படுத்தாது. 1950 ஒப்பந்தச் சட்டமும் 1971 வயதுவந்தோர் சட்டமும் சேர்ந்து சொல்வது அதுதான். ஆனாலும் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று 13 வயதில் அழுத்திய பொத்தானை வைத்தே காசும் வாங்கப்படுகிறது, கணக்கும் மூடப்படுகிறது. கணக்கை மூட நீதிமன்றம் தேவையில்லையே. பணம் செலுத்தியவர் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். கட்டணம் 5 ரிங்கிட், கோரிக்கையின் உச்சவரம்பு 50,000 ரிங்கிட். வெளிநாட்டு நிறுவனத்திடம் அந்தத் தீர்ப்பை நிறைவேற்றி வாங்குவது வேறு கதை.

விதியைக் காட்டும் நிறுவனங்களிடம் கேட்கவும் ஒன்று இருக்கிறது. விலை போடாமல், குலுக்கல் சக்கரத்தைச் சுற்றச் சொல்லி ஸ்கின் விற்கும் முறை பிள்ளைகளுக்குச் சூதாட்டத்தைப் பழக்குவதாக உலகெங்கும் புகார் உண்டு. பெல்ஜியம் 2018-இல் இத்தகைய குலுக்கல் பெட்டிகளைச் சூதாட்டச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. ஒரு ஸ்கின்னுக்கு இதுதான் விலை என்று நேராகப் போட்டு, அதை ஒரு தொழிலாளியின் பிள்ளையும் எட்டும் உயரத்தில் வைத்தால், இன்ஜெக்டர் தேடுபவர் எண்ணிக்கை தானாகக் குறையும். விளையாட்டில் ஏமாற்றாமல் உடை மட்டும் மாற்றியவருக்கு, முதல் முறை எச்சரிக்கை கொடுத்து கோப்பைப் பழையபடி ஆக்கினால் போதும். நிரந்தரத் தடை தேவையில்லை.

அதுவரை, பிள்ளையின் கைப்பேசியில் இந்தச் செயலி ஏற்கெனவே இருந்தால் அடிப்பதும் திட்டுவதும் பயன்படாது. அடுத்த முறை அவன் மறைத்து வைப்பான். முதலில் இணையத்தைத் துண்டித்து, அமைப்புகளில் ‘அணுகல்தன்மை’, ‘குறுஞ்செய்தி’ அனுமதிகள் எந்தெந்தச் செயலிக்குப் போயிருக்கின்றன என்று பார்த்து ரத்து செய்ய வேண்டும். இன்ஜெக்டரை நீக்கி, விளையாட்டையும் அழித்து அதிகாரபூர்வக் கடையிலிருந்து மறுபடி நிறுவினால் மாறிய கோப்புகள் போய்விடும். சந்தேகம் தீராவிட்டால் கைப்பேசியை முழுமையாக மீட்டமைப்பது நல்லது. வங்கி, மின்பணப்பை, மின்னஞ்சல் கடவுச்சொற்களை வேறொரு கைப்பேசியிலிருந்து மாற்ற வேண்டும். கணக்கிலிருந்து பணம் போயிருப்பது தெரிந்தால் உடனே வங்கியையோ தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 எண்ணையோ அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் தடுக்க முடிந்தால்தான் உண்டு. விளையாட்டுக் கணக்கு முடங்கியிருந்தால், டைமண்ட் வாங்கிய ரசீதுகளை எடுத்து வைத்துக்கொண்டு, செயலிக்குள் இருக்கும் வாடிக்கையாளர் சேவை வழியாக மேல்முறையீடு செய்யலாம். கணக்கைத் திறந்து தருவதாகக் காசு கேட்கும் டெலிகிராம் ஆசாமிகள் அந்த நேரத்தில் தேடி வருவார்கள். அவர்களுக்குக் கடவுச்சொல்லைக் கொடுத்தால் மிச்சமிருப்பதும் போய்விடும்.