நான் பட்டேன், நீயும் படு!

போன மாதம் ஒரு கல்லூரியில் ‘தலைமைப் பண்புகள்’ என்று ஒரு நாள் பயிலரங்கம். பத்திரிகைக்காரன் என்பதால் என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் பேசியவர் ஊரறிந்த ஜவுளிக்கடை முதலாளி. சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தவர். பதினாலு வயதில் கடைப் பையனாகச் சேர்ந்து, தினமும் பன்னிரண்டு மணி நேரம் நின்றபடியே துணி மடித்தவர். “ராத்திரி கால் ரெண்டும் வீங்கிடும். சுவத்துல காலைத் தூக்கி வெச்சுக்கிட்டுத்தான் படுப்பேன்” என்று அவர் சொன்னபோது அரங்கத்தில் சத்தமே இல்லை. எனக்கும் கண் கலங்கியது. பொய் சொல்லவில்லை.

அடுத்து அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

“இப்ப என்னடான்னா, கடைப் பசங்களுக்கு ஸ்டூல் போடுன்னு சட்டம் போட்டிருக்காங்க. போட்டிருக்கேன். ஆனா என் கடையில எவனும் உட்கார மாட்டான். அன்னிக்கு நான் நின்னேன், அதனாலதான் இன்னிக்கு இங்க நிக்கறேன். நின்னாத்தான் தம்பி மேல வர முடியும்!”

கைதட்டலில் கூரை பிய்த்துக்கொண்டு போனது. என் கையும் சேர்ந்து தட்டிவிட்டது. பாதியில்தான் உறைத்தது, நிறுத்திக்கொண்டேன்.

அவர் சொன்ன சட்டம் 2021-ல் வந்தது. கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். கேரளத்தில் 2018-லேயே இது வந்துவிட்டது. உட்காருவதற்கு ஒரு சட்டமா என்று சிரிக்காதீர்கள். பெரிய ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கும் பையன்களும் பெண்களும் எப்படி வாழ்கிறார்கள் என்பதை 2010-ல் வந்த ‘அங்காடித் தெரு’ படத்தில் வசந்தபாலன் காட்டினார். பார்த்துவிட்டு அழுதோம். அழுது முடித்துவிட்டு அதே மாதிரி கடைக்கே துணி எடுக்கப் போனோம்.

என் கேள்வி இதுதான். வீங்கின காலின் வலி அந்தச் சட்டத்தை எழுதிய அதிகாரியைவிட, ஓட்டுப் போட்ட எம்.எல்.ஏ.க்களைவிட, இந்த முதலாளிக்கு நன்றாகத் தெரியும். அப்படியானால் ஊரில் முதல் ஸ்டூல் எந்தக் கடையில் வந்திருக்க வேண்டும்? அவர் முதலாளியான அன்றைக்கே, சட்டம் எதுவும் சொல்லாமலே, அவர் கடையில் வந்திருக்க வேண்டாமா? சட்டம் வந்து ஸ்டூலைப் போட்ட பிறகும், யாரும் அதில் உட்கார்ந்துவிடாமல் காவல் காப்பவரை நாம் ‘அனுபவத்தால் உருவான தலைவர்’ என்று மேடையேற்றி, மாணவர்களை விட்டுக் கைதட்டச் சொல்கிறோம்.

கஷ்டப்பட்டவன்தான் நல்ல தலைவனாவான் என்பது நம் ஊரில் வேதவாக்கு. எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். கஷ்டம் மனிதனை இரண்டு பக்கமும் தள்ளும். ஒரு பக்கம், ‘நான் பட்டது இன்னொருத்தர் படக் கூடாது.’ மறுபக்கம், ‘நான் பட்டேன், நீயும் படு.’ இரண்டு பேருக்கும் வாழ்க்கை வரலாறு ஒரே மாதிரிதான் இருக்கும். மேடையில் கேட்டால் வித்தியாசமே தெரியாது. கையில் அதிகாரம் வந்த பிறகுதான் தெரியும்.

இன்னொரு ஜவுளிக்கடைப் பையனைப் பாருங்கள். விருதுநகர்க்காரர். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தார். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. மாமாவின் துணிக்கடையில் வேலைக்கு நின்றார். 1954-ல் அவர் இந்த மாநிலத்தின் முதலமைச்சர். காமராஜர் நினைத்திருந்தால் எவ்வளவு சுலபமாக ஒரு வசனம் பேசியிருக்கலாம்! “நான் என்ன பெரிய படிப்பா படிச்சேன்? சி.எம். ஆகலையா? உழைங்கடா!” கைதட்டல் காதைப் பிளந்திருக்கும். அவர் அதைப் பேசவில்லை. பொதுக்கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு போன்றவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு கிராமம் கிராமமாகப் பள்ளிக்கூடம் திறந்தார். பசித்த வயிற்றோடு பிள்ளை எப்படிப் படிக்கும் என்று 1956-ல் மதிய உணவைக் கொண்டுவந்தார். தனக்கு எது கிடைக்கவில்லையோ, அதையே ஊருக்கெல்லாம் கொடுத்தார்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி இன்னொருவர். 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தாயார் தேவதாசி மரபில் வந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில், எதிர்ப்புகளுக்கு நடுவே இடம் வாங்கிப் படித்தார். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டம். இதற்கப்புறம் ‘நான் முட்டி மோதி மேலே வந்துட்டேன், மத்தவங்களும் வரட்டும்’ என்று கிளினிக் வைத்து நிம்மதியாக இருந்திருக்கலாம். 1927-ல் சட்டசபைக்குப் போனதும் அவர் கையிலெடுத்தது தேவதாசி முறை ஒழிப்பு. 1947-ல்தான் முழுச் சட்டமாக முடிந்த போராட்டம் அது. போக்கிடமில்லாத பெண் குழந்தைகளுக்காக அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கம் 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்து நின்றது. வீட்டில் நடந்த சாவு எல்லோருக்கும்தான் துக்கம் தரும். அந்தத் துக்கத்தை அடுத்த வீட்டுக்காரருக்கு மருந்தாக மாற்ற எத்தனை பேரால் முடிகிறது?

‘நீயும் படு’ கட்சி ஜவுளிக்கடையோடு நிற்கவில்லை. மாமியாரிடம் பட்ட பாட்டை மருமகளிடம் தீர்த்துக்கொள்வது இந்தக் கட்சியின் மிகப் பழைய கிளை. ராகிங் இன்னொரு கிளை. 1996-ல் ஒரு மருத்துவ மாணவர் கொலையான பிறகுதான் 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டமே வந்தது. அதுவரை சீனியர்கள் சொன்ன ஒரே நியாயம், ‘எங்களையும் பண்ணாங்க!’ படித்த, பெரிய மனிதர்களும் விலக்கில்லை. 2023-ல் இன்போசிஸ் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். தான் அதைவிட அதிகமாக உழைத்ததையும் பின்னால் எடுத்துச் சொன்னார். உழைத்திருப்பார், சந்தேகமே இல்லை. ஆனால் சார், நீங்கள் உழைத்தது உங்கள் கம்பெனிக்கு. மாதச் சம்பளத்துக்கு வந்த பையன் யார் கம்பெனிக்காக ஞாயிற்றுக்கிழமையை விட வேண்டும்?

“அப்ப கஷ்டமே இல்லாம வளர்த்தா பசங்க உருப்படுமா சார்?” என்று கேட்பீர்கள். வேலையில் உள்ள கஷ்டம் வேறு, வேலைக்குச் சம்பந்தமில்லாமல் சுமத்தப்படும் கஷ்டம் வேறு. நல்ல துணி எது என்று விரலால் தொட்டுக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்வது கஷ்டம். அது தொழில். கடையில் ஆள் இல்லாத மத்தியான நேரத்திலும் நின்றுகொண்டே இருப்பது என்ன தொழில்?

ஊருக்கு உபதேசம் செய்வதோடு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. நான் பத்திரிகையில் சேர்ந்த புதிதில் ராத்திரி ஷிப்ட் முடிய ஒன்றரை, இரண்டு மணி ஆகும். வண்டி கிடையாது. முதல் பஸ் வரும்வரை பேப்பர் பண்டல்மேல் படுத்துக் கிடப்பேன். ஷிப்ட் பொறுப்பாளரிடம் ஒருநாள் கேட்டேன். “நாங்க எல்லாம் இதுலதான் படுத்தோம். செத்தா போயிட்டோம்?” என்றார். மனசுக்குள் அவரைத் திட்டாத திட்டில்லை. பத்து வருஷம் கழித்து நான் பொறுப்பாளர். புதிதாகச் சேர்ந்த பையன் தயங்கித் தயங்கி வந்து அதே கேள்வியைக் கேட்டான். என் வாயிலிருந்து அதே வாக்கியம் வந்தது. ஒரு எழுத்து பிசகவில்லை. “சரிங்க சார்” என்று போய்விட்டான்.

அன்றைக்குத் தூக்கம் வரவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன். நன்றாகத் தூங்கினேன். இரண்டு நாள் கழித்து, பண்டல் ஏற்றிப் போகும் வேன் டிரைவர்தான் கேட்டார்: “அந்தத் தம்பி வீட்டு வழியாத்தான் சார் நான் தெனம் போறேன். ஏத்திக்கிட்டுப் போகட்டுமா?” அந்த வேன் நான் சேர்ந்த காலத்திலிருந்தே தினமும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தது! பைசா செலவில்லாமல் தீர்ந்திருக்க வேண்டிய கஷ்டம். கேட்க ஆள் இருந்தது. யோசிக்க வேண்டிய நாற்காலியில் இருந்தவர்களுக்குத்தான், என்னையும் சேர்த்து, தங்கள் பழைய முதுகுவலியைப் பற்றி பெருமை அதிகமாக இருந்தது. அன்றைக்கு அந்த அலுவலகத்தில் தலைவர் யார் என்றால், அந்த டிரைவர்தான்.

அனுபவம் என்றால் பட்ட அடி மட்டும்தானா? நமக்கு ஒருவர் பிடித்த குடையும் அனுபவம்தானே! 1979 ஆகஸ்டில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய எஸ்.எல்.வி-3 கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். நிருபர்களைச் சந்தித்துப் பொறுப்பேற்றுக்கொண்டவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன். 1980 ஜூலையில் ராக்கெட் வெற்றி பெற்றபோது, “நீ போய்ப் பேசு” என்று கலாமை அனுப்பினார். ஜனாதிபதி ஆன பிறகும் கலாம் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்ன கதை இது. அவமானத்தை மேலே இருப்பவர் வாங்கிக்கொள்வதும், பாராட்டைக் கீழே அனுப்புவதும்தான் தலைமை என்பதை, குடைக்குள் நின்று கற்றுக்கொண்டவர் அவர்.

நான் பி.காம். படித்தவன். கணக்கில், இந்த வருட நஷ்டத்தை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோவதைக் ‘கேரி ஃபார்வர்டு’ என்பார்கள். இனி வராது என்று தெரிந்ததைத் தன் கணக்கிலேயே எழுதி முடித்துவிடுவது ‘ரைட் ஆஃப்.’ பட்ட கஷ்டத்தை அடுத்த தலைமுறையின் தலையில் கேரி ஃபார்வர்டு செய்பவர் முதலாளியாக இருக்கலாம், மேலாளராக இருக்கலாம், மாமியாராகக்கூட இருக்கலாம். தன்னோடு எழுதி முடிப்பவரைத்தான் நான் தலைவர் என்பேன்.

அன்றைக்கு மேடையில் இதையெல்லாம் நான் சொல்லவில்லை. பக்கத்து நாற்காலியில் அவர் இருந்தார். பத்து நிமிஷம் பொதுவாகப் பேசிவிட்டு, பொன்னாடை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் கடனைத்தான் இங்கே அடைக்கிறேன்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும்போது புடவையை மட்டும் பார்க்காதீர்கள். அதை எடுத்துப் போடும் பெண்ணுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருக்கிறதா, கூட்டம் இல்லாத நேரத்தில் அதில் யாராவது உட்கார்கிறார்களா என்று பாருங்கள். முதலாளி எப்படிக் கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்தார் என்ற கதையை அதற்கப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.