பதினாறு கட்டங்களும் ஒரு பறையும்

போன மாரியில் மருமகன் ஒரு ட்ரம் பாட் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றான். அக்காவின் மகன், வயது 16. "முதல் கணக்குப் புள்ளி வரட்டும்" என்று அக்கா சொன்னா. (எங்கட தாய்மாருக்கு உலகத்தில் எந்த வருத்தத்துக்கும் கணக்குத்தான் மருந்து.) கடைசியில் மாட்டுப்பட்டது மாமன். கிஜிஜியில் தேடி, ஸ்கார்பரோவில் ஒரு ரிம் ஹோர்ட்டன்ஸ் வாகனத் தரிப்பிடத்தில், குளிருக்குள் நின்று ஒரு பொடியனிடம் 60 டொலருக்குப் பழையது ஒன்று வாங்கினேன். ஒரு கொப்பி அளவில் ஒரு பெட்டி. மேலே நாலுக்கு நாலாகப் பதினாறு இறப்பர் கட்டங்கள். பின்னால் ஒரு யூ.எஸ்.பி வயர். அவ்வளவுதான்.

வீட்டுக்குக் கொண்டுவந்து பூட்டினான். அடித்தான். கட்டங்கள் மின்னின. சத்தம் மட்டும் இல்லை.

"மாமா, ஏமாத்திப்போட்டாங்கள்."

ஏமாற்றவில்லை. இந்தச் சாமானுக்குச் சொந்தமாக ஒரு சத்தமும் கிடையாது. முதன்முதலாக வாங்குகிற பலர் தடக்குப்படுகிற இடம் இதுதான். நீங்கள் ஒரு கட்டத்தைத் தட்டினால் அது கணினிக்கு இரண்டு எண்களை அனுப்புகிறது. எந்தக் கட்டம் என்பதற்கு ஒன்று, எவ்வளவு பலமாக அடித்தீர்கள் என்பதற்கு இன்னொன்று. இரண்டும் 0 இலிருந்து 127 வரைக்குள் இருக்கும். அந்த எண்ணைப் பார்த்துச் சத்தத்தை எழுப்புவது கணினியில் உள்ள மென்பொருள். இந்த எண் பாஷைக்குத்தான் மிடி என்று பெயர். 1983 ஜனவரியில் கலிபோர்னியாவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சி ஒன்றில், இரண்டு போட்டி நிறுவனங்களின் கீபோர்ட்டுகளை ஒரு வயரால் இணைத்து, ஒன்றில் வாசித்ததை மற்றதில் ஒலிக்கச் செய்து காட்டினார்கள். அதற்குப் பின்னால் நின்ற அமெரிக்கர் டேவ் ஸ்மித்துக்கும், ரோலண்ட் நிறுவனத்தைத் தொடங்கிய ஜப்பானியர் இக்குத்தாரோ கக்கேஹாஷிக்கும் 30 வருடம் கழித்து, 2013 இல், தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது.

மருமகனோடு சேர்ந்து நானும் சில கிழமைகள் இதற்குள் மினக்கெட்டேன். (இரவு வேலைக்காரனுக்குப் பகலில் வேறு என்ன பொழுதுபோக்கு?) தொடங்குகிறவர்களுக்காகப் பட்டறிந்த நாலு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

1) அடித்த பிறகு சத்தம் பிந்தி வந்தால் கட்டத்தில் பிழை இல்லை. மென்பொருளில் "பஃபர்" என்றொரு அளவு இருக்கும். அது 1024 என்று இருந்தால், வழமையான 44,100 பதிவு வேகத்தில், கிட்டத்தட்ட 23 மில்லிசெக்கன் பிந்தும். கை ஒரு பக்கம், காது ஒரு பக்கம் போகும். 128 ஆக்கினால் 3 மில்லிசெக்கனுக்குள் வந்துவிடும். அதற்குக் கணினி திணறினால் 256 இல் வையுங்கள்.

2) பதினாறு கட்டத்தையும் பார்த்துப் பயப்பட வேண்டாம், நாலு போதும். 36 என்ற எண் பெரிய ட்ரம், 38 ஸ்னெயர், 42 மூடிய ஹை-ஹாட், 46 திறந்த ஹை-ஹாட். இது 1991 இல் வந்த பொது ஒழுங்கு. எந்த மென்பொருளுக்குப் போனாலும் பெரும்பாலும் இந்த எண்கள் மாறாது. இந்த நாலையும் வைத்து ஒரு மாதம் அடியுங்கள்.

3) மெல்ல அடிக்கப் பழகுங்கள். பல கருவிகளில் எப்படித் தட்டினாலும் 127 ஆகவே அனுப்புகிற ஒரு பொத்தான் இருக்கும். அதை நிற்பாட்டி வையுங்கள். எல்லா அடியும் ஒரே பலத்தில் விழுந்தால் அது தாளம் இல்லை, தையல் மெஷின்.

4) கருவிக்குக் கீழே ஒரு துவாயை மடித்துப் போடுங்கள். காதில் ஹெட்போன் இருப்பதால் உங்களுக்கு மட்டும்தான் சத்தம் என்று நினைப்பீர்கள். விரல் அடிக்கிற அதிர்வு மேசைக்கால் வழியே கீழ்வீட்டுக்கு இறங்கும். எங்களுக்கு இரண்டாம் நாளே கீழேயிருந்து தும்புத்தடியால் பதில் வந்தது.

வாங்க வசதி இல்லாதவர்கள் நூலகத்தை மறக்க வேண்டாம். ரொறன்ரோ பொது நூலகம் 2016 இல் பார்க்டேல் கிளையில் வாத்தியங்களை இரவல் கொடுக்கத் தொடங்கியது. வயலினும் கிற்றாரும் போல மேளவகைகளும் இருந்தன. நூலக அட்டைதான் கேட்டார்கள், காசு கேட்கவில்லை. மென்பொருளுக்கும் முதலில் காசு வேண்டாம். மக் கணினியில் கராஜ்பாண்ட் இருக்கிறது, மற்றவர்களுக்கு எல்.எம்.எம்.எஸ் இலவசம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

"உது விளையாட்டுச் சாமான், வாத்தியமோ?" என்று எங்கட ஆட்கள் கேட்பார்கள். நான் வாத்தியம்தான் என்பேன். 1988 இல் ரோஜர் லின் என்பவர் வடிவமைத்து அகாய் நிறுவனம் வெளியிட்ட எம்.பி.சி-60 என்ற கருவியோடு இந்தப் பதினாறு கட்டம் பரவியது. மேளம் வைத்து அடிக்க இடமும் காசும் இல்லாத கறுப்பினப் பொடியள்தான் அதை வாத்தியமாக்கினார்கள். இங்கேயிருந்து நாலு மணித்தியால ஓட்டத்தில் இருக்கிற டிட்ரோய்ற்றில் ஜே டில்லா என்பவர் இருந்தார். 2006 இல் 32 வயதில் செத்துப்போனார். அவர் பாவித்த எம்.பி.சி வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் ஆபிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மெஷின் போடுகிற நேர்கோட்டில் அடியை வைக்காமல், வேண்டுமென்றே கொஞ்சம் முன்னும் பின்னும் தள்ளி வைத்தவர் அவர். அந்தத் தள்ளலில்தான் மனிசன் இருந்தான்.

எங்களுக்கும் இது பொருந்துகிற சாமான். ஒன்பதாம் மாடியில், அட்டைபோன்ற சுவருக்குள் இருந்துகொண்டு தவில் பழக முடியுமா? எங்கள் ஊர்களில் பிள்ளை தவிலை நாள் முழுக்க அடித்துப் பழகும், தெருவே கேட்டுக்கொண்டிருக்கும். வலது விரல்களில் கூடு மாட்டி, இடது கையில் கம்பு பிடித்து அடிக்கிற அந்தச் சத்தத்துக்கு இங்கே அரை மணித்தியாலத்தில் பொலிஸ் வரும். அளவெட்டியில் வாழ்ந்து 1975 இல் மறைந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தி ரொறன்ரோ அடுக்குமாடியில் பிறந்திருந்தால் அவருக்கும் ஹெட்போன்தான் கிடைத்திருக்கும்.

ஆனால் மெஷினுக்கு எங்கட கணக்கு தெரியாது. திறந்தவுடன் அது நாலுக்கு நாலு என்றுதான் கோடு போடும். பிந்தி விழுந்த அடியைக் கோட்டுக்கு இழுத்துவிடுகிற வசதியை அமத்தினால் மிஸ்ரசாபுவும் கண்டநடையும் சப்பளிந்துபோகும். எழுக்கு ஒரு சுற்றை ஏழுக்கு எட்டு என்று மாற்றிக்கொள்ளலாம். கண்டநடைக்கு, ஒரு தட்டையே ஐந்துக்கு எட்டு என்ற முழுச் சுற்றாக வைத்துக்கொண்டு வேகத்தைக் கூட்ட வேண்டும். மருமகனுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது நான் இல்லை. "தகதகிட" என்று தொடையில் தட்டிக் காட்டியது என்ர அம்மா, அவனுடைய அம்மம்மா. வயது 78.

அதே அம்மாதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை குசினிக்குள் இருந்து கத்தினா.

"உதை நிப்பாட்டு! வீட்டுக்குள்ள என்ன செத்தவீட்டு மேளம்?"

பொடியன் இணையத்தில் இருந்து ஒரு ஒலித்தொகுப்பு இறக்கியிருந்தான். அதற்குள் தபேலா இருந்தது, டோலக் இருந்தது, பறை என்று பெயர் போட்டு ஒன்றும் இருந்தது. ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் போட்டு அடித்தான். அவனுக்கு அது நல்லதொரு சத்தம், அவ்வளவுதான். தமிழ் விழாக்களில் பொடியளும் பெட்டையளும் இடுப்பில் துணி கட்டிப் பறை அடித்து ஆடுவதைப் பார்த்து வளர்ந்தவன். அவனுக்குப் பறை என்றால் தமிழ், பெருமை.

அம்மாவுக்கு அது வேறு. எனக்கும் வேறு.

எங்கள் வீட்டில் அப்பு செத்தபோது பறைமேளம் வந்தது. இப்போது மேடைகளில் பார்க்கிற தட்டையான வட்டப்பறை இல்லை. கழுத்தில் தொங்கவிட்டு அடிக்கிற, இரண்டு பக்கமும் தோல் கட்டிய மேளம். அடித்தவர்கள் படலைக்கு வெளியே நின்றார்கள். தேத்தண்ணி அவர்களுக்கு வேறு பேணியில் போனது. அந்தப் பேணி எங்கள் வேலியில் கவிழ்த்துக் கிடக்கும். எனக்கு அப்போது எட்டு வயது. மேளத்தைத் தொட்டுப் பார்க்கப் போனேன், கையில் அடி விழுந்தது. அடித்தது அம்மா.

இதை நான் எழுத வெட்கப்படுகிறேன். ஆனால் எழுதாவிட்டால் இந்தக் கதைக்கு அர்த்தமில்லை. 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் உள்ளே போகவிடாமல் ஆட்களை மறித்த சமூகம் எங்களுடையது. "இனிமேல் உங்கட செத்தவீட்டுக்கு அடிக்கமாட்டோம்" என்று மேளத்தைக் கீழே வைத்தவர்கள் உண்டு. அவர்களுக்குப் பறையைக் கைவிட்டதுதான் விடுதலை. இன்று நாங்கள் அதைக் கையில் எடுத்து "எங்கள் ஆதி இசை" என்கிறோம். தமிழ்நாட்டில் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் அதே பறையைத் தங்கள் மரியாதையாக மாற்றி அடித்தார்கள். மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025 இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நல்ல விஷயம். ஆனால் அந்த மரியாதையை அடித்தவர்களே சம்பாதித்தார்கள். வேலிக்கு உள்ளே நின்ற நாங்கள் ஒரு மன்னிப்பும் கேட்காமல் ஒரு ஃபைலாக அதை இறக்கிக்கொள்கிறோம். அந்த ஃபைலில் பறை என்று இருக்கிறது, அடித்தவரின் பெயர் இல்லை.

எங்கட மாயா அருள்பிரகாசத்தை, எம்.ஐ.ஏ என்றால் எல்லோருக்கும் தெரியும், இங்கே நினைக்க வேண்டும். 1986 இல் அகதியாக லண்டனுக்குப் போன குடும்பம். ஆவணப்படம் எடுக்க ஒரு இசைக்குழுவோடு போன இடத்தில், ரொறன்ரோவில் பிறந்த பீச்சஸ் என்ற பாடகிதான் அவருக்கு ரோலண்ட் எம்.சி-505 என்ற தாளப்பெட்டியை அறிமுகப்படுத்தினார். இரவல் பெட்டியில் தொடங்கியதுதான் 2005 இல் "அருளர்" இசைத்தட்டாக வந்தது. வாத்தியம் பழகாத ஒரு அகதிப்பெண்ணுக்கு ஒரு மெஷின் வாயைத் திறந்துவிட்டது. ஆனால் 2007 இல் "கலா"வுக்கு அவர் மெஷினோடு நிற்கவில்லை. சென்னைக்குப் போய் உறுமி அடிக்கிறவர்களை நேரில் வைத்துப் பதிந்தார். பெட்டியில் தொடங்கியவர் கைகளைத் தேடிப் போக வேண்டியிருந்தது.

ஆகவே என் கருத்து இதுதான். பிள்ளை கேட்டால் வாங்கிக் கொடுங்கள். பழையது போதும், கணக்கு ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனால் இறக்கிய தொகுப்பில் தொடங்க விடாதீர்கள். உங்கள் வீட்டுச் சத்தத்தை ஃபோனில் பதிந்து கட்டத்தில் போடச் சொல்லுங்கள். எங்கள் பெட்டியில் இப்போது அம்மா தேங்காய் உடைக்கிற சத்தம் 36 இல் இருக்கிறது. இடியப்பத் தட்டை அடுக்கிற சத்தம் 42 இல். அவை எங்களுடையவை. எங்களுடையது அல்லாததை எடுக்கும்போது ஆளிடம் கேளுங்கள், காசு கொடுங்கள், பெயரைப் போடுங்கள்.

சொல்வது லேசு. என்னோடு ஒரே தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிற ஒருவர் இருக்கிறார். எங்கள் பக்கத்து ஊர். அவருடைய தகப்பன்தான் அன்றைக்குப் படலைக்கு வெளியே நின்று அடித்தவர் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். 11 வருடமாக ஒரே மேசையில் சாப்பிடுகிறோம், இதைப்பற்றி ஒரு சொல் கதைத்ததில்லை. மருமகன் கேட்கிறான்: "மாமா, அவருக்கு அடிக்கத் தெரியுமெண்டால் வந்து பதியச் சொல்லி கேளுங்கோவன்."

எப்படிக் கேட்பது? "உங்களுக்குப் பறை அடிக்கத் தெரியுமோ" என்று என் வாயிலிருந்து வந்தால், கடல் தாண்டி வந்தும் நான் அவரைப் படலைக்கு வெளியே நிற்பாட்டியதாக ஆகாதா? கேட்காமல் விட்டால், அந்தக் கை என்றைக்கும் ஒரு பெயரில்லாத ஃபைல்தான்.

மருமகனுக்கு முழுக்கதையையும் சொன்னேன். அம்மாவும் பக்கத்தில் இருந்தா, ஒன்றும் பேசவில்லை. அவன் அந்த இறக்கிய பறையை அழித்துவிட்டான். நான் அழிக்கச் சொல்லவில்லை. கடைசி வரிசையில் ஒரு கட்டம் இப்போது வெறுமையாக இருக்கிறது. தட்டினால் மின்னுகிறது, எண் போகிறது, சத்தம் இல்லை. முதலில் அந்தப் பேணியைப் பற்றி நான் அவரிடம் கதைக்க வேண்டும். பறையைப் பற்றிக் கேட்பது அதற்குப் பிறகுதான். அதுவரைக்கும் அந்தக் கட்டம் அப்படியே இருக்கட்டும்.