கேஸ் மானிட்டரில் ‘0’ வந்தால் உள்ளே இறங்கலாமா?

விஷவாயு தாக்கி இறந்தார்கள் என்ற செய்தி வரும்போதெல்லாம் நாம கேட்கிற முதல் கேள்வி: பாதுகாப்பு உபகரணம் கொடுத்தார்களா? கொடுத்தாலும், அது வேலை செய்ததா என்பது அடுத்த கேள்வி. அதை யாரும் கேட்பதில்லை.

மனிதக் கழிவகற்றும் தடைச் சட்டத்தின் 2013 விதிகள் சொல்லும் உபகரணப் பட்டியலில் கேஸ் மானிட்டரும் உண்டு. ஆக்சிஜன், ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு, தீப்பிடிக்கும் வாயு ஆகிய நான்கையும் அது அளக்கும். மூக்கு போதாதா? போதாது. ஹைட்ரஜன் சல்பைடு 100 பி.பி.எம். அளவைத் தொட்டால் மோப்ப உணர்வே மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும் நேரம்தான் ஆபத்தான நேரம்.

சரி, மானிட்டரை ஆன் செய்தவுடன் இறங்கலாமா? கூடாது. மீத்தேனை அளக்கும் சென்சாருக்குள் சூடாக வேண்டிய ஒரு சின்ன மணி இருக்கிறது. அது நிலைக்கு வரும்வரை வரும் எண்ணை நம்ப முடியாது. மேன்ஹோலிலிருந்து தள்ளி, சுத்தமான காற்றில் வைத்துத்தான் ஆன் செய்ய வேண்டும். ஜீரோ செய்வதும் அங்கேதான். அப்போது ஆக்சிஜன் 20.9 சதவீதம் காட்டணும். குழி வாசலில் வைத்து ஜீரோ செய்தால், அங்கிருக்கும் வாயுவையே ‘0’ என்று கருவி எடுத்துக்கொள்ளும். வித்தியாசம் ரொம்பப் பெரிதாக இருந்தால் பல மாடல்கள் மறுத்துவிடும். சின்ன வித்தியாசம் என்றால் சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்ளும். பிறகு வெளிக்காற்றில் மைனஸ் எண் வந்தால், இப்படித்தான் ஏதோ நடந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

இதைவிட மோசமான சிக்கல் ஒன்று உண்டு. செத்துப்போன ஹைட்ரஜன் சல்பைடு சென்சாரும் ‘0’ காட்டும், சுத்தமான காற்றும் ‘0’ காட்டும். திரையைப் பார்த்து வித்தியாசம் சொல்லவே முடியாது. அதற்குத்தான் ‘பம்ப் டெஸ்ட்’: அளவு தெரிந்த வாயுவை சிலிண்டரிலிருந்து சில நொடி செலுத்தி, அலாரம் அடிக்கிறதா என்று பார்ப்பது. வேலைக்கு முன் தினமும் செய்ய வேண்டியது இது. சிலிகான் கலந்த ஸ்ப்ரே பட்டாலே மீத்தேன் சென்சார் கெடலாம். ஆக்சிஜன் சென்சாரில் ஈயம் பயன்படுத்தும் வகை, பீரோவில் பூட்டி வைத்திருந்தாலும் இரண்டு, மூன்று வருடத்தில் தீர்ந்துவிடும்.

இன்னொன்று: மீத்தேன் சென்சார் வேலை செய்யவே ஆக்சிஜன் வேணும். ஆக்சிஜன் குறைந்த குழியில் அது குறைத்துக் காட்டும். அதனால் முதலில் ஆக்சிஜன் எண்ணைப் பாருங்கள், 19.5-க்குக் கீழே போனால் மற்ற மூன்று எண்ணும் என்ன சொன்னாலும் இறங்கக் கூடாது.

கழிவுநீர்க் குழியில் இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால், கடைசி பம்ப் டெஸ்ட் எந்தத் தேதியில் நடந்தது, பதிவேட்டில் யார் கையெழுத்து போட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.